இஷாப்பூர் 2ஏ1: பழைய ராணுவ ரைஃபிளைத் தேர்ந்தெடுத்துச் சீர்செய்த பதிவு

மூன்றாவது தடவை சுடும் ரேஞ்சுக்குக் கொண்டுபோனபோதுதான், இந்தியாவில் செய்த இந்த இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிள் ஒழுங்காகச் சுட்டது. 40 தோட்டா போட்டதில் 40ம் வெடித்தன. வெடித்த தோட்டாக்களின் கூடுகளும் சிக்காமல் வெளியே வந்து விழுந்தன. முதல் தடவை 20இல் 6 தோட்டா வெறும் சத்தத்தோடு நின்றுவிட்டன. இரண்டாம் தடவை எல்லாம் வெடித்தன, ஆனால் 100 கஜத்தில் குண்டுகள் ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் சிதறின. இரண்டு கோளாறும் துப்பாக்கியோடு பிறந்தவை அல்ல. கழற்றி மாட்டியதில் நடந்த தவறுகள். தேர்வு செய்ததிலிருந்து தொடங்கி அவற்றை வரிசையாக எழுதியிருக்கிறது.

அவசரத் தேவைக்கென்று வாங்கிய ரைஃபிள் இது. வேலை நடந்தது அமெரிக்காவில், டெக்சாஸ் கிராமப்புறத்தில். இந்தியாவில் .303, 7.62 இரண்டுமே தடை செய்யப்பட்ட துளை அளவுகள் என்பதால் சாதாரண உரிமத்தில் வாங்க வழியே இல்லை. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர் உரிமத்தில் வாங்கலாம். மூன்று ஆண்டுக்கு 30 டாலர் கட்டணம். மாநிலச் சட்டம் மாறும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத் தேவை என்று இங்கே சொல்வது ஒரு சூறாவளிக்குப் பிறகு மின்சாரமும் கடையும் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் ஓட்டுவது, கொட்டிலில் புகும் காட்டுப்பன்றியை விரட்டுவது, மான் பருவத்தில் இறைச்சி சேர்ப்பது. இந்த வேலைகளுக்குத் தேவை 150 கஜத்துக்குள் நம்பிக்கையாகச் சுடும், மண்ணும் ஈரமும் தாங்கும், மேசையிலேயே பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு ரைஃபிள்.

முதலில் தோட்டா

பழைய ராணுவத் துப்பாக்கி தேடுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிடமிருந்து தொடங்குகிறார்கள். தோட்டாவிடமிருந்து தொடங்கினால் பாதிப் பட்டியல் அங்கேயே அடிபட்டுவிடும். மூன்று கேள்விதான்: சின்ன ஊர்க் கடையில் கிடைக்குமா, புதிதாக இன்னும் தயாரிக்கிறார்களா, அதன் ப்ரைமர் (அடிபட்டதும் பற்றும் அடிப்பக்க மருந்து) துரு பிடிக்க வைப்பதா?

மோசின் நாகான் எம்91/30இல் பார்வை முதலில் விழும். 1891இல் பிறந்து 1930இல் திருத்தப்பட்ட வடிவம், 5 தோட்டா, 1232 மி.மீ. நீளம். 2010 வாக்கில் நூறு டாலருக்குப் பெட்டி பெட்டியாக விற்றது. இப்போது அந்த விலை இல்லை. அதைவிடப் பெரிய தடை தோட்டா. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. 7.62×54ஆர் தோட்டாவுக்கு மலிவான ஊற்று அதுதான். மிச்சமிருக்கும் தகரப்பெட்டிச் சரக்கில் பொட்டாசியம் குளோரேட் ப்ரைமர். சுட்டபின் குழலில் உப்பு படிந்துவிடும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தண்ணீரே தட்டுப்பாடாக இருக்கும் வாரத்தில் ஒவ்வொரு முறையும் குழலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றும் கட்டாயம் வேண்டாம் என்று மோசின் கழிந்தது. ஏற்கெனவே மோசின் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். அதன் கருவிப் பையிலிருக்கும் தட்டைச் சாவியில் 75, 95 என்று இரண்டு வெட்டு இருக்கும். ப்ரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் நுனி 75இல் தட்ட வேண்டும், 95இல் தட்டாமல் தாண்ட வேண்டும். தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்காமல் சுடக் கூடாது. பின் அதிகம் நீண்டால் ப்ரைமரைக் குத்தி ஓட்டை போடும், வாயு முகத்துக்கு வரும்.

சுவிஸ் கே31 கடைசல் வேலையில் இந்தப் பட்டியலிலேயே முதலிடம். ஆனால் அதன் 7.5×55 தோட்டா சின்ன ஊர்க் கடையில் இருக்காது. யூகோஸ்லாவ் எம்48க்கும் 8 மி.மீ. மவுசர் தோட்டாவில் அதே கதி. எஸ்கேஎஸ் நல்ல தேர்வு, 7.62×39 எங்கும் உண்டு. ஆனால் அதன் ஃபயரிங் பின் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் சும்மா ஓடுவது. பின் ஓடும் குழாயில் காஸ்மோலின் (துரு பிடிக்காமல் இருக்கப் பூசிவைக்கும் கெட்டி கிரீஸ்) உறைந்து பின் முன்னால் நீட்டியபடி நின்றால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும். எஸ்கேஎஸ் வாங்குகிறவர்கள் முதல் தோட்டாவுக்கு முன்னால் போல்ட்டைப் பிரித்துக் கழுவி, காதருகே ஆட்டினால் பின் 'டக் டக்' என்று ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். எம்1 கேரண்ட் எல்லா விதத்திலும் மேலானது, ஆனால் அதன் விலைக்கு இந்த ரைஃபிளும் 300 தோட்டாவும் வந்துவிடும். கனமான வேட்டைத் தோட்டா போட்டால் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் அதன் ஆப்பரேட்டிங் ராடு வளையும் என்பதால் கடையில் கிடைத்ததை அள்ளிப் போடவும் முடியாது.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 கண்ணில் பட்டால் வரிசை எண்ணைப் பார்க்காமல் பணம் எடுக்க வேண்டாம். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் 800,000க்குக் கீழும், ராக் ஐலண்டில் 285,507க்குக் கீழும் உள்ளவை பதம் ஏற்றியதில் குறைபாடுள்ளவை. ரிசீவர் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) கண்ணாடிபோல் உடையக்கூடும். அவை சுவரில் மாட்ட மட்டுமே.

மிஞ்சியது .308 குடும்பம். அதன் ராணுவ வடிவம்தான் 7.62×51 நேட்டோ. அமெரிக்காவில் எந்த ஊர்க் கடை அலமாரியிலும் கடைசிவரை மிஞ்சும் தோட்டாக்களில் அது ஒன்று. ராணுவ மிச்சத்தில் 7.62×51க்கென்றே பிறந்த போல்ட் ரைஃபிள்கள் மிகக் குறைவு. பழைய மவுசர்களைக் குழல் மாற்றி இந்தத் தோட்டாவுக்கு ஆக்கியவை உண்டு. அவற்றில் 1916 ஸ்பானிஷ் வகை பழைய, மெலிந்த ஆக்ஷன் (போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்த பொறி) என்பதால் அதைத் தவிர்த்தோம். இஷாப்பூர் 2ஏ1 அப்படி மாற்றியது அல்ல. 1962 சீனப் போருக்குப் பிறகு, வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் 7.62க்காகவே புதிதாகச் செய்தார்கள். தோற்றத்தில் நம்மூர்க் காவலர்கள் தோளில் பார்த்துப் பழகிய த்ரீ நாட் த்ரீயின், அதாவது .303 லீ என்ஃபீல்டின் அச்சு. உள்ளே எஃகு மேம்பட்டது, மேகஸின் 12 தோட்டா கொள்ளும் சதுரப் பெட்டி, குறிபார்க்கும் பின் சைட் 800 மீட்டர் வரை. 2ஏ என்ற முந்தைய வகையில் சைட் 2000 வரை குறித்திருக்கும். 2ஏ, 2ஏ1 இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த சைட்தான்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டும். ".303 லீ என்ஃபீல்டைத் துளைத்து 7.62 ஆக்கியது, வெடித்துவிடும்" என்பார்கள். 2ஏ1 அப்படிச் செய்தது அல்ல. அதேபோல் "நேட்டோ தோட்டா 50,000, கடைத் தோட்டா 62,000" என்று வெடிக்கும்போது எழும் அழுத்தத்தின் இரண்டு எண்ணை அருகருகே வைத்துப் பயமுறுத்துவார்கள். முதலாவது செப்பு உருளை நசுங்குவதை அளந்த எண், இரண்டாவது மின்னணு அழுத்தமானியின் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அளவுகோலே வேறு. நேட்டோவின் இன்றைய முறையில் உச்சம் 415 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 60,200 பி.எஸ்.ஐ. இடைவெளி சின்னதுதான். இருந்தாலும் லீ என்ஃபீல்டு அச்சின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. ஒவ்வொரு வெடிக்கும் ஆக்ஷன் கொஞ்சம் நீண்டு சுருங்கும், கூடும் அதோடு நீளும். ஆகவே இதில் போடுவது 7.62 நேட்டோ என்று அச்சிட்ட 147 கிரெயின் எடைக் குண்டுள்ள தோட்டா மட்டும். கனமான, சூடான வேட்டைச் சுமைகளை ஒதுக்கிவிட்டோம்.

விற்பனை மேசையில்

எடுத்துப்போனவை: சின்ன டார்ச், வெள்ளைத் துணி, போலித் தோட்டா ஒன்று, .308 ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு இருக்கும் இடத்தை அளக்கும் அளவுக் கட்டை) இரண்டு. கேஜைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் மேகஸினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரல் விட்டுக் காலியா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து எழுத்துகள். பின்கட்டை சேரும் இரும்புக் கழுத்தில் சிங்க முத்திரையும் ஆர்.எஃப்.ஐ. (இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை) எழுத்தும் வகைப் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். இது 1967. போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றாக இருந்தன. எண் மாறியிருந்தால் விலை குறைவது ஒரு பக்கம், போல்ட்டின் பூட்டும் காதுகள் அந்த ரிசீவருக்கு உரசிப் பொருந்தாதவை என்பதுதான் உண்மையான கவலை. டி.பி. என்ற எழுத்து எங்கேயாவது தெரிந்தால் அது பயிற்சி நடைக்கு ஒதுக்கியது, சுடத் தகாதது. முன்கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கையெறிகுண்டு வீசப் பயன்பட்டு அடி வாங்கியது. இறக்குமதியாளர் வெட்டிக் குட்டையாக்கிய 2ஏ1களும் சந்தையில் உண்டு. அழகாக இருக்கும், சத்தமும் தீப்பிழம்பும் தாங்க முடியாது. மூல வடிவம் போய்விட்டதால் சேகரிப்பாளர் உரிமத்திலும் வராது.

முன்கட்டையில் மேகஸினுக்கு முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ தெரியும். யாரோ உடைந்ததை ஒட்டியது என்று விலை பேச வேண்டாம். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட கட்டுதான் அது.

குழல் வாயைச் சோதிக்கப் போலித் தோட்டாவின் குண்டு முனையை வாயில் செருகிப் பார்த்தோம். கூட்டின் விளிம்புக்கும் குழல் வாய்க்கும் நடுவே செம்பு 4 மி.மீ. தெரிந்தது. நல்ல வாய். விளிம்பு வந்து வாயில் தட்டினால் துடைப்புக் கோலால் தேய்ந்த குழல். வெடிக்கும் தோட்டாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே டார்ச் அடித்தால் கறுப்பாக இருந்தது. காஸ்மோலின் இருக்கும்போது எந்தக் குழலும் கறுப்புதான். அதனால் வெள்ளைத் துணியை ஒருமுறை தள்ளிவிட்டுப் பார்க்க அனுமதி கேட்டோம். வரிகள் கூர்மையாக இருந்தன, அறைக்கு முன்னால் மட்டும் லேசான புள்ளித் துரு. அது குறி தவற வைக்காது.

ஹெட்ஸ்பேஸில்தான் முடிவு. இந்தத் தோட்டாவுக்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ கோ 1.634, ஃபீல்டு 1.638. கோ கேஜில் போல்ட் முழுதாக மூட வேண்டும், ஃபீல்டில் மூடவே கூடாது. ராணுவ அறைகள் சற்றுத் தாராளமாக வெட்டப்பட்டவை என்பதால் நோ கோவில் மூடினாலே தள்ளிவிட வேண்டியதில்லை. ஃபீல்டில் மூடினால் பேச்சே இல்லை, வைத்துவிட்டு வந்துவிடலாம். கேஜின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டருக்கு (கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கி) கீழே நழுவவிட்டு, ஒரே விரலால் கைப்பிடியை இறக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் எந்தக் கேஜும் மூடும். அறையில் கிரீஸ் இருந்தால் அளவு பொய் சொல்லும், அதைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். இது கோவில் மூடியது, நோ கோவில் மேலேயே நின்றது. 480 டாலருக்கு முடிந்தது.

கழற்றும் வரிசை

லீ என்ஃபீல்டு அச்சில் வரிசை பிசகினால் மரம் போய்விடும். பின்கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டின் (தோட்டாவைப் பூட்டும் போல்ட் அல்ல, திருகாணி) முனை சதுரம். அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்பக்கத்தில் பதித்த தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை மாட்டியிருக்கும்போதே பின் போல்ட்டைத் திருகினால் சதுரம் சுழன்று முன்கட்டையின் பின் முனையைப் பிளந்துவிடும். சந்தையில் கிடைக்கும் பிளந்த முன்கட்டைகளில் பல இப்படி உடைந்தவைதான். ஆகவே பின்கட்டையைத் தொடவேண்டுமானால் முதலில் முன்கட்டை வர வேண்டும்.

செய்த வரிசை இது. மேகஸின், போல்ட். பிறகு குழல் நுனியில் மரத்தை மூடும் மூக்குக் கவசத்தின் இரண்டு ஸ்க்ரூ, கவசத்தை நேராக முன்னே இழுப்பது. ஆட்டி ஆட்டி இழுத்தால் மரத்தின் நுனி உடையும். நடு வளையம், முன் கைக்காப்பு. பின் கைக்காப்பைக் குழலோடு பிடித்திருப்பது ஸ்பிரிங் கவ்விகள். அவற்றின் அருகே மரம் காகிதம்போல் மெலிந்திருக்கும், இரண்டு பக்கமும் கட்டைவிரலால் சமமாகத் தூக்க வேண்டும். ட்ரிக்கர் கார்டு பின் ஸ்க்ரூ, அடுத்து முன் ஸ்க்ரூ. உள் வளையத்தின் ஸ்க்ரூவும் அதன் ஸ்பிரிங்கும். பின் சைட்டின் காதுக்காப்பு. அதற்கப்புறம்தான் முன்கட்டை கீழே இறங்கும்.

ஸ்க்ரூடிரைவர் முக்கியம். வீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்புபோல் சரிந்திருக்கும், ஸ்க்ரூ வெட்டின் மேல் விளிம்பில் மட்டும் பிடித்துக் கிழிக்கும். இணை விளிம்புகள் கொண்ட துப்பாக்கி வேலை முனைகள் 40 டாலர். இந்தச் செலவைத் தள்ளிப்போட்டதில் மூக்குக் கவசத்தின் ஒரு ஸ்க்ரூ தலை சிதைந்தது. பின்கட்டை போல்ட்டுக்கு 12 அங்குலத்துக்கு மேல் நீளமான, அகல முனை ஸ்க்ரூடிரைவர் தனியாக வேண்டும். பின்தகட்டைக் கழற்றி, உள்ளே அடைத்திருக்கும் தோல் பொதியை எடுத்த பிறகுதான் அது போல்ட் தலையை எட்டும்.

காஸ்மோலின்

இது 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருகும். ஜூலை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மரத்தைச் சுற்றி, காரின் பின்பக்கத்தில் பழைய துண்டு விரித்து நான்கு மணி நேரம் வைத்தால் வியர்வைபோல் வடியும். துடைத்துத் துடைத்து மூன்று நாள் ஆனது. மரத்தை அடுப்பில் வைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது இரண்டும் வேண்டாம். முன்கட்டை முறுக்கிக்கொண்டால் குறியே போய்விடும்.

இரும்புக்கு மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) ஒரு கேலன், ஒரு ஆழமான அலுமினியத் தட்டு, நைலான் பிரஷ். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அறைக்குத் தனிக் கவனம் வேண்டும். சுடும்போது அறை சூடேறி, மீந்த காஸ்மோலின் கோந்தாக மாறிக் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். ஷாட்கன் 20 கேஜ் பித்தளை பிரஷ்ஷை ஒரு துண்டுக் கோலில் மாட்டி, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, பின்பக்கத்திலிருந்து இருபது சுற்று. பிறகு வெள்ளைத் துணி அழுக்கில்லாமல் வரும்வரை. இந்திய ரைஃபிள்களில் பாஸ்பேட் பூச்சின் மேல் கெட்டியான கறுப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். அது அசிங்கமாக உரிந்திருந்தாலும் சுரண்டவில்லை, துருவைத் தடுப்பது அதுதான்.

இங்கேதான் முதல் தவறு நடந்தது. போல்ட்டை முழுசாக மினரல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, ஊதி, எண்ணெய் விட்டு மாட்டியாயிற்று. உள்ளே ஃபயரிங் பின் ஓடும் குழாயில் காஸ்மோலின் பாதிதான் கரைந்திருந்தது. பாதி கரைந்தது முழுசாக இருப்பதைவிட மோசம். குளிரில் மெழுகுபோல் இறுகிப் பின்னைத் தாமதப்படுத்தும். முதல் ரேஞ்ச் நாள் காலை நான்கு டிகிரி குளிர். 6 தோட்டாவில் ப்ரைமர் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தது. தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து அப்புறம்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அந்த ஆறில் நான்கு இரண்டாம் அடியில் வெடித்தன. ப்ரைமரில் குறை இல்லை, அடி போதவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

சரியான முறை: போல்ட் தலையைத் திருகிக் கழற்றி, பின்னால் காக்கிங் பீஸில் (பின்னின் பின் நுனியில் மாட்டிய துண்டு) இருக்கும் சின்னப் பிடிப்பு ஸ்க்ரூவை எடுத்து, இரண்டு பல் கொண்ட நீண்ட ஸ்ட்ரைக்கர் (ஃபயரிங் பின்னின் இன்னொரு பெயர்) சாவியை முன்னாலிருந்து விட்டுப் பின்னைத் திருகி எடுப்பது. எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும், அதே எண்ணிக்கையில் உள்ளே போக வேண்டும். சாவி 30 டாலர். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே பழுப்பு மெழுகு கட்டியாக வந்தது. கழுவி உலர்த்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய எண்ணெய் மட்டும் தடவினோம். அதற்குப் பிறகு ஒரு தோட்டாவும் நிற்கவில்லை.

முன்கட்டையும் காணாமல் போன ஸ்பிரிங்கும்

இரண்டாம் ரேஞ்ச் நாளில் 100 கஜத்தில் 20 குண்டும் சேர்ந்து 28 சென்டிமீட்டர். இந்த ரைஃபிளிடம் ஊசி முனைக் குறியை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் 10 சென்டிமீட்டர் நியாயமான எதிர்பார்ப்பு. குண்டுகள் மேலும் கீழுமாக அலைந்தன, பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. குழல் சூடு ஏற ஏறக் கூடியது.

இரண்டு காரணம் கிடைத்தது. முதலாவது ட்ரிக்கர் கார்டின் முன் ஸ்க்ரூ. அது ஒரு இரும்புக் குழாய்த் துண்டு வழியாகப் போகிறது. ஐம்பது வருடத்தில் மரம் சுருங்கிவிட்டது, குழாய் சுருங்கவில்லை. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் இரும்பு இரும்பைத்தான் இறுக்கியது, மரம் நடுவில் ஆடியது. இறுக்கியபின் முன்கட்டையைக் கையால் அசைத்தால் ரிசீவருக்கு அருகே நூலிழை நகர்வது தெரியும். குழாய்த் துண்டின் ஒரு முகத்தை கண்ணாடி மேல் ஒட்டிய 400 எண் தேய்ப்புத் தாளில் சதுரமாகத் தேய்த்தோம். 0.1 மி.மீ., மாட்டிப் பார்ப்பது, மறுபடியும் 0.1. மூன்றாவது தடவை மரம் லேசாக அழுந்தி அசைவு நின்றது. ஒரே மூச்சில் தேய்த்தால் ட்ரிக்கரின் இழுவையே மாறிவிடும், ஏனென்றால் ட்ரிக்கர் தொங்குவது அந்தக் கார்டில்தான். ஒவ்வொரு தடவையும் காலி அறையில் ட்ரிக்கரின் இரண்டு கட்ட இழுவையும் பாதுகாப்பு நெம்புகோலும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் அலுமினியத் தட்டின் அடியில் கிடந்தது. முன்கட்டையில் மூக்குக் கவசத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னக் குழி. அதில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் விரல் நுனி அளவு ஒரு குமிழ். குழலைக் கீழிருந்து மேலே தாங்குவது அதன் வேலை. காஸ்மோலினில் ஒட்டிக்கொண்டிருந்ததால் கழற்றும்போது கண்ணில் படவில்லை, வெயிலில் மரம் சூடேறியபோது விழுந்திருக்கிறது. அது இல்லாமலேயே மாட்டியிருந்தோம். திரும்பப் போட்டபின் குழலின் நுனியை விரலால் கீழே அழுத்தினால் எதிர்த்துத் தூக்குவது தெரிந்தது. கழற்றும்போது ஒவ்வொரு படியையும் ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் இந்த நாள் மிச்சமாகியிருக்கும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக, உள்பக்கமும் சேர்த்து. உள்பக்கம் விட்டால் ஈரம் அங்கிருந்து ஏறும். ஒரு கையில் ஊற்றி உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் அடுத்த பூச்சு, இப்படி ஐந்து. துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே கம்பியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.

மூன்றாம் நாள்

ஐந்தைந்தாகச் சுட்டதில் 9, 11, 10 சென்டிமீட்டர். ஆனால் நடுப்புள்ளிக்கு 14 சென்டிமீட்டர் மேலே. முன் சைட் தகடுகள் 0.015 அங்குல ஏற்றத்தில் பல உயரங்களில் வருகின்றன. சைட்டுகளுக்கு நடுவே சுமார் 19.4 அங்குலம் என்பதால் ஒரு படி 100 கஜத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் மாற்றும். குண்டு மேலே போனால் முன் தகடு உயர வேண்டும். இரண்டு படி உயர்ந்த தகடு 12 டாலர். குண்டு நடுவுக்கு வந்தது.

வெளியே விழுந்த கூடுகளில் பத்தை எடுத்து, நுனி வளைத்த பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே வருடினோம். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால் கூடு அங்கே நீண்டு மெலிகிறது, அடுத்த தடவை இரண்டாக அறுந்து பாதி அறைக்குள் நிற்கும். இங்கே தட்டவில்லை. என்றாலும் கூடுகளை மறுபடி நிரப்பும் எண்ணத்தை இந்த ரைஃபிளுக்கு விட்டுவிடலாம். அறுந்த கூட்டை எடுக்கும் .308 கருவி ஒன்று பையில் இருப்பது நல்லது.

எக்ஸ்ட்ராக்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. .303 தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, 7.62க்கு இல்லை. ஆகவே இரண்டின் எக்ஸ்ட்ராக்டரும் வேறு. த்ரீ நாட் த்ரீ உதிரிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கி வைத்தால் தேவைப்படும் நாளில் பொருந்தாது. மேகஸினும் அப்படியே.

செலவு டாலரில்: ரைஃபிள் 480, கேஜ் இரண்டு 70, ஸ்க்ரூடிரைவர் முனைகள் 40, நீண்ட ஸ்க்ரூடிரைவர் 15, ஸ்ட்ரைக்கர் சாவி 30, மினரல் ஸ்பிரிட் 18, ஆளிவிதை எண்ணெய் 12, துடைப்புக் கோலும் பிரஷ்களும் 35, சைட் தகடு 12. உதிரிகளாக எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும் 25, ஸ்ட்ரைக்கரும் ஸ்பிரிங்கும் 35, இரண்டாவது மேகஸின் 90. தோட்டா 300க்கு 270. மொத்தம் 1,132. ரைஃபிளின் விலை அதில் பாதிகூட இல்லை. "480 டாலர் துப்பாக்கி" என்று பட்ஜெட் போட்டவர்கள் உதிரியும் தோட்டாவும் வாங்காமல் நிறுத்திவிடுவது இதனால்தான். உதிரி இல்லாத பழைய ரைஃபிளை அவசரத்துக்கு நம்ப முடியாது.

மிச்சம் 220 தோட்டா, சுமார் ஐந்தரை கிலோ. ரப்பர் வளையம் உள்ள இரும்புத் தோட்டாப் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. ரைஃபிள் பூட்டிய இரும்பு அலமாரியில், பெட்டி வேறு பூட்டில். குழலில் மெல்லிய எண்ணெய் இருக்கிறது; சுடுமுன் அறையையும் குழலையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்ற சீட்டு ட்ரிக்கர் கார்டில் கட்டியிருக்கிறது. அறையில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் கூடுதலாக மோதும், பின்பக்கம் பூட்டும் ஆக்ஷனுக்கு அது கெடுதல்.

அடுத்த 2ஏ1 கிடைத்தால் மாற்றிச் செய்பவை: ஸ்ட்ரைக்கர் சாவியும் ஸ்க்ரூடிரைவர் முனைகளும் ரைஃபிளுக்கு முன்னாலேயே வாங்குவது. முன்கட்டை இறங்கியதும் அந்தக் குமிழையும் ஸ்பிரிங்கையும் தேடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. குழாய்த் துண்டின் இறுக்கத்தை முதல் ரேஞ்ச் நாளுக்கு முன்பே பார்ப்பது. மேகஸினை மேசையிலேயே 12 போலித் தோட்டா போட்டு ஓட்டிப் பார்ப்பது. இந்த ரைஃபிளோடு வந்த மேகஸினில் பத்துக்கு மேல் போட்டால் தோட்டா மூக்கு குத்திச் சிக்கியது. மேகஸின் வாயின் உதடுகளை அரை மில்லிமீட்டர் வளைத்துச் சரியாக்க ஒரு மாலை முழுதும் பிடித்தது. இரண்டாவது மேகஸினில் இன்னும் 10தான் போடுகிறோம்.